கீபோர்டை விற்றுவிட்டு வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பன்னிரண்டு வருடமாகக் கீபோர்டு வாசிப்பதுதான் தொழில். மூன்று குழுக்களில் மேடைக் கச்சேரி, வீட்டிலிருந்தே சின்னச் சின்ன ரிக்கார்டிங் வேலை, கச்சேரி இல்லாத நாட்களில் எட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு. சொந்தமாக நான்கு பாடல்கள் வெளியிட்டேன். அதில் வந்த வருமானத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சில மாதம் தூங்க நேரமிருக்காது, சில மாதம் போனே அடிக்காது. வாசித்த காசு கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகிறது. ஓர் ஒருங்கிணைப்பாளர் போன இரண்டு கச்சேரிக்கு இன்னும் தரவில்லை; அடுத்த மாதம் இன்னொரு தேதி கேட்கிறார். மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. கடைசியாக வாசித்த கச்சேரியின் வரவு செலவை இதோடு அனுப்பியிருக்கிறேன். நான் தோற்றுவிட்டேனா? கீபோர்டை விற்றுவிட்டு ஏதாவது வேலைக்குப் போய்விடலாமா?

பதில்:

கீபோர்டை விற்க வேண்டாம். வேலைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இவை தனித்தனிக் கேள்விகளாகத்தான் தெரிகின்றன.

நான் ஆடிட்டர். என்னிடம் வருகிறவர்களில் வாத்தியக்காரர்கள், பாடகர்கள், சவுண்ட் என்ஜினியர்கள் நிறையப் பேர். உங்கள் வாசிப்பு எப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்டாலும் மார்க் போடும் அளவுக்கு ஞானம் கிடையாது. ஆனால் பன்னிரண்டு வருடம் கழித்தும் மூன்று குழுக்கள் உங்களைக் கூப்பிடுகின்றன என்றால் வாசிப்பில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பில்லை. கோளாறு நீங்கள் அனுப்பிய அந்த ஒரு தாளில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாளில் வரவு ஒரு வரி, செலவு இரண்டு வரி. உங்கள் தொகையை வெளியே சொல்லாமல், சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். படிக்கிறவர்கள் அவரவர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளட்டும். வண்டி வாடகைக்கும் அறுந்துபோன கேபிளுக்கும் 20 போயிற்று. மிச்சம் 80. அதன் கீழே ‘3 மணி நேரம் வாசித்தது’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறீர்கள். நிஜமாகவே மூன்று மணி நேரம்தானா? அதே தாளின் ஓரத்தில் நீங்களே கிறுக்கி வைத்திருப்பதைக் கூட்டிப் பார்த்தேன். புதுப் பாட்டு ஒன்பது. வீட்டில் உட்கார்ந்து கேட்டு, நோட்ஸ் எழுதி, டோன் செட் பண்ண ஆறு மணி நேரம். ரிகர்சல் நான்கு மணி நேரம், போய்வர இரண்டு. கச்சேரி அன்று மதியம் 12 மணிக்கு வண்டியில் ஏற்றிய கீபோர்டை இரவு 2 மணிக்கு வீட்டில் இறக்கியிருக்கிறீர்கள். அது பதினான்கு. ஆக மொத்தம் 26 மணி நேரம். 80ஐ 26ஆல் வகுத்தால் மணிக்கு மூன்று சொச்சம்.

அடுத்தது வகுப்பு. ‘கச்சேரி இல்லாத நாட்களில்’ என்று போகிறபோக்கில் தள்ளிவிட்டீர்களே, அதே வகுப்பு. ஒரு பிள்ளைக்கு மாதம் நான்கு வகுப்பு. நீங்கள் வாங்கும் கட்டணத்தை அதே அளவுகோலில் வைத்தால் 24 வருகிறது. தயாரிப்பையும் சேர்த்து வகுப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால், மாதம் ஐந்து மணி நேரத்துக்கு 24. மணிக்கு 4.8. ரிக்கார்டிங் வேலையில் ஒரு ட்ராக்குக்கு 25 வாங்குகிறீர்கள். வாசிக்க இரண்டு மணி நேரம், ‘இந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள்’ என்று திரும்பி வருவதற்கு இரண்டு மணி நேரம். மணிக்கு ஆறேகால்.

எதைத் தொழில் என்று சொல்கிறீர்களோ அது கடைசி இடத்தில் இருக்கிறது. எதை ஒப்புக்குச் செய்கிறீர்களோ அது வீட்டுக்கு அரிசி வாங்கித் தருகிறது. இது உங்கள் ஒருவர் கணக்கில் மட்டும் இருக்கும் விநோதம் இல்லை. என் மேசைக்கு வரும் இசைக்காரர்களில் முக்கால்வாசிப் பேரின் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. மேடையில் கிடைக்கும் தொகை மொத்தமாக வருவதால் பெரிதாகத் தெரிகிறது. வகுப்புக் காசு சில்லறையாக வருவதால் கண்ணில் படுவதில்லை.

அதற்காக மேடையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. மேடையில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உங்களிடம் அனுப்புகிறார்கள். பக்கத்தில் நின்று வாசித்த கிட்டார்காரர்தான் ரிக்கார்டிங்குக்கு உங்கள் பெயரைச் சொல்கிறார். தவிர, மேடையில் வாசிக்கத்தானே இந்தத் தொழிலுக்கே வந்தீர்கள். அதை ஒரு ஆடிட்டர் வந்து பிடுங்க முடியாது. நான் சொல்வது, விலை பேசும்போது 26 மணி நேரத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள். ‘புதுப் பாட்டு ஐந்துக்கு மேல் போனால் இவ்வளவு கூடுதல், ரிகர்சலுக்குத் தனி, வண்டி வாடகை உங்களுடையது’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று குழுக்களில் ஒன்று ஒத்துக்கொள்ளும், ஒன்று பாதி ஒத்துக்கொள்ளும், ஒன்று வேறு ஆளைத் தேடும். தேடிப் போகும் அந்தக் குழுதான் ஒருவேளை உங்கள் நேரத்தை அதிகம் தின்றுகொண்டிருந்ததாக இருக்கும்.

விலையை ஏற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1960களில் வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு தொழிற்சாலையில் பத்துப் பேர் செய்த வேலையை இயந்திரம் வந்தபின் இரண்டு பேர் செய்துவிடுவார்கள். அதனால் அந்த இரண்டு பேருக்குச் சம்பளத்தை ஏற்ற முடியும். நான்கு பேர் சேர்ந்து நாற்பது நிமிடம் வாசிக்க வேண்டிய இசையை இருநூறு வருடம் கழித்தும் நான்கு பேர்தான் நாற்பது நிமிடம் வாசிக்க வேண்டும். மூன்று பேரை வைத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிக்க வழியில்லை. மற்ற துறைகளில் சம்பளம் ஏற ஏற, வாசிப்பவருடைய வாழ்க்கைச் செலவும் ஏறும். அவர் ஒரு மணி நேரத்தில் தரும் இசை மட்டும் அதே அளவில் இருக்கும். யாராவது மானியம் தர வேண்டும், அல்லது டிக்கெட் விலை ஏற வேண்டும், அல்லது வாசிப்பவர் வயிற்றைச் சுருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதுதான் நடக்கிறது. ‘நான் தோற்றுவிட்டேனா’ என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி, ஒவ்வொருவரும் தனியாக நின்று விலை பேசுவதில் இருக்கிறது. 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஊமைப்படத்துக்குத் திரையரங்கில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் சில வருடங்களில் வேலை இழந்தார்கள். தனித்தனியாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ‘இனி ரிக்கார்டுக்கு வாசிக்க மாட்டோம்’ என்று வேலையை நிறுத்தியது. மிகப் பெரிய கம்பெனிகளில் இரண்டு 1944 கடைசி வரை தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, விற்கும் ஒவ்வொரு ரிக்கார்டுக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தின் நிதிக்குத் தர ஒப்புக்கொண்டன. அவ்வளவு பெரிய போராட்டத்துக்கு உங்களை அழைக்கவில்லை. உங்களைப் போலக் கீபோர்டு வாசிக்கும் நான்கு பேரோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாலே போதும். இந்தத் தொழிலில் சம்பளத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது ஒரு கௌரவமாகவே ஆகிவிட்டது. அந்த ரகசியத்தால் லாபம் அடைவது வாசிப்பவர்கள் யாரும் இல்லை. ‘போன தடவை அவர் இதைவிடக் குறைவாக வந்தாரே’ என்று சொல்லக்கூடியவர்தான்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். மணிக்கு 4.8 என்று சொன்னேன் அல்லவா? அது எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காக வந்தால். ஒரு பிள்ளை மாதத்தில் ஒரு நாள் வராமல் போய், நீங்கள் அந்த நேரம் காத்திருந்துவிட்டு, இன்னொரு நாள் இலவசமாக ஈடு செய்தால், நான்கு வகுப்புக் காசுக்கு ஐந்து வகுப்பு நேரம் போகிறது. 4.8 அப்போதே 3.8 ஆகிவிடும். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். முந்தைய நாளே சொன்னால் மாற்று நேரம், அன்றைக்குச் சொன்னால் கிடையாது என்று ஒரு விதியை எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நாளில் எழுதி அனுப்புங்கள். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருக்கும். எழுதி அனுப்பினால் இருக்காது. எட்டுப் பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு நிற்கலாம். நிற்கட்டும்.

ரிக்கார்டிங்கிலும் இதே ஓட்டைதான். திருத்தத்துக்கு எல்லை வைக்காவிட்டால் நான்கு மணி நேர வேலை எட்டாகும், ஆறேகால் பாதியாகும். இரண்டு சுற்றுத் திருத்தம் சம்பளத்துக்குள், மூன்றாவதிலிருந்து தனிக் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விநோதம் என்னவென்றால், காசு என்று சொன்ன பிறகு மூன்றாவது சுற்றுக்கு யாருமே வருவதில்லை.

உங்கள் நான்கு பாடல்களைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் கிடையாது. பெரும்பாலான தளங்களில் சந்தாவும் விளம்பரமும் சேர்ந்து ஒரு பானையில் விழுகின்றன. தளத்தின் பங்கு போக மிச்சத்தை, மொத்தம் கேட்கப்பட்டதில் யாருடைய பாட்டு எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். உங்கள் ரசிகர் ஒருவர் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய சந்தா அப்படியே உங்களுக்கு வராது. பெரும்பகுதி உலகம் அதிகம் கேட்ட பாட்டுகளுக்குப் போய்விடும். ஸ்பாட்டிஃபையில் 2024லிருந்து இன்னொரு விதியும் உண்டு. முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத ட்ராக்குக்கு அந்தப் பானையிலிருந்து எதுவுமே கிடையாது. 30 விநாடிக்குக் குறைவாகக் கேட்டால் அது ஒரு தடவையாகவே எண்ணப்படாது. ஆகவே அந்த நான்கு பாடல்களும் உங்களுக்கு விசிட்டிங் கார்டு. வருமானம் என்ற தலைப்பின் கீழ் அவற்றை எழுதாதீர்கள், எழுதினால் மாதா மாதம் மனசுதான் உடையும். வெளியிட்டுக் கொடுக்கும் நிறுவனத்துக்கு வருடக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்றால், அதை விளம்பரச் செலவு என்று எழுதுங்கள்.

ஆனால் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: மெட்டும் வரியும் ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் ராயல்டி வேறு வேறு வழியில் வருகிறது. மெட்டு உங்களுடையது என்றால் இசையமைப்பாளர்களுக்கான ராயல்டி சங்கத்தில் உறுப்பினராகிப் பாடலைப் பதிய வேண்டும். ஒலிப்பதிவும் உங்களுடையது என்றால் ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 இடக் குறியீடு இருக்கிறதா, அது உங்கள் பெயரோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் காசு எங்கோ கேட்பாரற்றுக் கிடக்கும். அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தது வேறு கதை. சம்பளம் வாங்கிக்கொண்டு வாசித்தால் அந்த ஒலிப்பதிவில் உங்களுக்குப் பங்கு இல்லை என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தம். ஆனாலும் பல நாடுகளில் வானொலி, பொது இடங்களில் ஒலிக்கும் இசைக்காக வாசித்தவர்களுக்கென்று தனிப் பங்கு உண்டு. 1961ஆம் வருட ரோம் உடன்படிக்கையில் அதற்கு அடித்தளம் போட்டார்கள். அமெரிக்காவில் இணைய வானொலிக் காசில் 5 சதவீதம் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் என்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. எந்தப் பாட்டுக்கு, என்ன தேதியில், யாருக்காக வாசித்தீர்கள் என்று ஒரு நோட்டு இல்லாவிட்டால் இதில் எதையும் கேட்க முடியாது. பன்னிரண்டு வருடத்துக்கு நினைவிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அலுப்பான வேலைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

ராயல்டி சங்கம் என்ற ஏற்பாடே ஒரு சண்டையில்தான் பிறந்தது. 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர், பாட்டுக் கச்சேரி நடக்கும் ஒரு காஃபே விடுதியில் உட்கார்ந்திருந்தபோது, தன்னுடைய பாட்டையே தன் காதில் கேட்டார். பில் வந்ததும், ‘என் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் பானத்துக்கு நான் ஏன் தர வேண்டும்’ என்று கட்ட மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் போனது, அவர் பக்கம் தீர்ப்பானது. 1851இல் அங்கே ஆரம்பித்த சாசெம் என்ற சங்கம் இன்றுவரை ராயல்டி வசூலித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம், அவர் கட்ட மறுத்த சமயம். பில் வந்த அந்த நிமிடத்திலேயே கேட்டார், மூன்று மாதம் கழித்துக் கேட்கவில்லை.

நீங்கள் அதைத்தான் செய்வதில்லை. காசு தாமதமாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது தருவார்கள் என்று முன்கூட்டிப் பேசினீர்களா என்று எழுதவில்லை. பேசியிருக்க மாட்டீர்கள். போனில் ‘வாங்க தம்பி, பார்த்துக்கலாம்’ என்று சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். இனிமேல் போனை வைத்த கையோடு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். இப்படி:

‘அண்ணே, பேசியபடி இந்தத் தேதிக் கச்சேரிக்கு வருகிறேன். மாலை 6 முதல் 9 வரை வாசிப்பு, 24 பாட்டு, ஒரு ரிகர்சல். சம்பளம் இவ்வளவு, வண்டி தனி. பாதி அட்வான்ஸ் வந்ததும் தேதியை உறுதி செய்துகொள்கிறேன், மீதி கச்சேரி அன்றைக்கே. ஒரு வாரத்துக்குள் ரத்தானால் அட்வான்ஸ் திரும்ப வராது. சரியென்றால் ஓகே என்று மட்டும் போடுங்கள்.’

அந்த ஓகேதான் உங்கள் ஒப்பந்தம். வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். இதைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிறவர், காசு தரும்போதும் சுளித்திருப்பார். பெரிய தொகை, வெளியூர்ப் பயணம், உங்கள் சொந்த மெட்டு சம்பந்தப்பட்ட வேலை என்றால் மட்டும் முறையான ஒப்பந்தத்துக்குப் போங்கள். மெட்டை மொத்தமாக எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

‘காசு இல்லை, ஆனால் நல்ல பெயர் கிடைக்கும்’ என்ற அழைப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் தாளின் பின்பக்கம் போன வருடம் வாசித்த கச்சேரிகளில் சிலவற்றுக்கு நேரே தொகைக்குப் பதிலாகக் கோடு இருக்கிறது. அந்த மாதிரி அழைப்பு வந்தால் நான் என் வாத்தியக்காரர்களைக் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: சவுண்டுக்காரருக்கும் லைட்டுக்காரருக்கும் அரங்கத்துக்கும் காசு உண்டா? யாருக்குமே இல்லை என்றால், அது எல்லோரும் தோள் கொடுக்கும் காரியம். மனசு இருந்தால் போங்கள். எல்லோருக்கும் உண்டு, வாசிப்பவருக்கு மட்டும் பெயர் என்றால், அந்தப் பெயரை வைத்து அவர்கள் ஏன் சவுண்டுக்காரரைக் கூப்பிடவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

மந்தமான மாதங்களுக்கு வருவோம். போன 24 மாத வரவை மாதவாரியாக எழுதி, அதில் மிகக் குறைந்த ஆறு மாதங்களின் சராசரியை எடுங்கள். அதுதான் உங்கள் சம்பளம். மேடை, வகுப்பு, ரிக்கார்டிங் காசெல்லாம் ஒரு தனிக் கணக்கில் விழட்டும். மாதம் ஒரு தடவை அந்தச் சம்பளத்தை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவதை மோசமான மாதம் சாப்பிடும். வரி, கருவி ரிப்பேர் இரண்டுக்கும் வருகிற ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை அன்றைக்கே ஒதுக்குங்கள். புதுக் கீபோர்டு மாடல் வந்தவுடன் வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இந்தத் தொழிலில் இல்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வாங்கத் தோன்றினால், இது எத்தனை வகுப்பு என்று கணக்குப் போடுங்கள். வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று கருவிகளைப் பற்றி நிம்மதியாக இருக்க வேண்டாம். தொழிலுக்குப் பயன்படுத்தும் பொருளைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை, படித்துப் பாருங்கள்.

ஆடிட்டர் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் காது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழிலிட ஆரோக்கிய அளவுகோல். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். மேடை மானிட்டர், அதாவது வாசிப்பவருக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர் பக்கத்தில் 100 டெசிபல் சர்வசாதாரணம். அங்கே கணக்குப்படி பதினைந்து நிமிடம்தான். இசைக்காரர்களுக்கென்றே செய்யும் காதடைப்பான் இருக்கிறது, தொனியைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். இருபது வருடம் ஓட வேண்டிய தொழிலுக்கு அதைவிட மலிவான முதலீடு எனக்குத் தெரியாது.

இனி வேலை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பகுதி நேர வேலை ஒன்றைத் தேடுவேன். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் உங்கள் கணக்கில் ஒரு குடும்பத்தின் முழுச் செலவும் வராது. பாதி, நல்ல வருடத்தில் முக்கால் வரும். மீதியை நிரப்ப ஒரு நிலையான வரவு இருந்தால், காசில்லாத கச்சேரிக்கு ‘வரவில்லை’ என்று சொல்லும் தைரியம் தானாக வரும். நான் பார்த்தவரை, வேறு வரவு இல்லாதவர்கள்தான் மேடை விலையைக் கீழே இழுக்கிறார்கள். மறுக்க அவர்களால் முடிவதில்லை. மாலை நேரமும் வார இறுதியும் உங்களிடமே இருக்க வேண்டும், விரலையும் காதையும் தின்னக் கூடாது. இந்த இரண்டும் பொருந்தினால் என்ன வேலை என்பது முக்கியமில்லை. முழுநேர வேலைக்குப் போய், இரவு வாசித்துக்கொள்ளலாம் என்ற யோசனை காகிதத்தில் நன்றாக இருக்கும். ஆறு மாதத்தில் கீபோர்டு மேல் துணி காயும்.

வேலைக்குப் போனால் இசைக்காரன் என்ற பெயர் போய்விடும் என்ற பயம் கடிதம் முழுக்க ஓடுகிறது. ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் பரோதின் வேதியியல் பேராசிரியர். அமெரிக்காவின் சார்ல்ஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழில் நடத்தினார், அதிலும் பேர் வாங்கினார். ஃபிலிப் கிளாஸ் நாற்பது வயது வரைக்கும் குழாய் ரிப்பேரும் டாக்ஸியும் பார்த்தார். அவருடைய ஓபரா நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் 1976இல் நடந்த பிறகும் டாக்ஸி ஓட்டப் போனார். இவர்களைச் சொல்வது நீங்களும் அப்படி ஆவீர்கள் என்று ஆசை காட்ட அல்ல. இவர்கள் யாரும் வேலையை ஒளித்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மனைவி ஒன்றும் சொல்லாததைப் பற்றி. அவர் என்ன நினைக்கிறார் என்று நான் ஊகிக்க முடியாது, நீங்களும் ஊகிக்காதீர்கள். 24 மாதக் கணக்கை எழுதி முடித்ததும், அந்த நோட்டை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பன்னிரண்டு வருடம் சம்பளம் கொண்டுவந்து வீட்டை நடத்தியவருக்கு உங்களைவிட நன்றாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்திருக்கும். எந்த வேலை, எத்தனை நாள், எந்தக் குழுவை விடுவது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரு வருடம் கழித்து மணிக்கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். மேடை அப்போதும் மணிக்கு மூன்றிலேயே நின்றால், குழுக்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டு வகுப்பைப் பெருக்குங்கள்.

கடைசியாக அந்த ஒருங்கிணைப்பாளர். அடுத்த மாதத் தேதிக்கு இன்றே பதில் எழுதுங்கள்: ‘அண்ணே, தேதி காலியாக இருக்கிறது. முந்தைய இரண்டு கச்சேரிப் பாக்கி இவ்வளவு, அது வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட்டால் இந்தத் தேதியை உங்களுக்கு வைத்துவிடுகிறேன்.’ தொகையை எண்ணில் எழுதுங்கள், கச்சேரி நடந்த தேதிகளையும் போடுங்கள். கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வராவிட்டால் சனிக்கிழமை காலையிலேயே அந்தத் தேதியை இன்னொரு குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். பாக்கிக்கு மட்டும் வாரம் ஒரு மெசேஜ், அதே தொகை, அதே தேதிகள், வரும்வரை.